43 வயது ரோமியோ

1936-இல் எம்ஜிஎம் நிறுவனம் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ படத்தை வெளியிட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிரம்பவில்லை. படத்தில் ஜூலியட்டாக வந்த நார்மா ஷியரருக்கு 34. ரோமியோவாக வந்த லெஸ்லி ஹோவர்டுக்கு 43. ரோமியோவின் துடுக்கான நண்பன் மெர்குஷியோவாக நடித்த ஜான் பேரிமோருக்கு 54. மூவரும் அந்தக் காலத்தின் முதல் வரிசை நடிகர்கள். சிறந்த படம் உட்பட நான்கு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனாலும் போட்ட பணம் திரும்பவில்லை. இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இந்த வயதுக் கணக்கைத்தான்.

1968-இல் இத்தாலிய இயக்குநர் ஃப்ராங்கோ ஜெஃபிரெல்லி அதே கதையை மறுபடி எடுத்தார். லெனார்ட் வைட்டிங், ஒலிவியா ஹஸ்ஸி என்ற இரண்டு பதின்பருவத்தினரைத் தேர்ந்தெடுத்தார். மூல வசனத்தில் பெரும்பகுதியை வெட்டினார். ஹோவர்டின் மேடை அனுபவத்தில் கால்வாசிகூட அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் உலகம் முழுவதும் இளைஞர்கள் அவர்களுக்காக அழுதார்கள்.

‘வேஷம் ஒட்டவில்லை’ என்று நாம் இரண்டு சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒளியியல் இருக்கிறது, எலும்பின் வளர்ச்சி இருக்கிறது, நடையின் கணக்கும் குரலின் இயற்பியலும் மூளையின் பழைய நினைவுகளும் இருக்கின்றன. நல்ல நடிகர் ஒருவர் ஒரு வேடத்தில் மட்டும் ஏன் தோற்கிறார் என்று தேடிக்கொண்டு போனால், நடிகரைவிட, பார்க்கிற நம்மைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது. தூரத்திலிருந்து தொடங்குவோம்.

மனிதக் கண்ணின் கூர்மைக்கு எல்லை உண்டு. ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்குக் ‘கலை’ என்று பெயர். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய அதுதான். 20 மீட்டர் தூரத்தில் அந்தக் கோணம் அடக்கும் நீளம் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். மனித முகத்தின் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர். ஆக, நாடகக் கொட்டகையின் பின்வரிசையில் இருப்பவருக்கு மேடையில் நிற்பவரின் முகம் குறுக்குவாட்டில் இருபத்து நான்கு புள்ளிகளுக்கு மேல் இல்லை. கண்ணோரச் சுருக்கம், கழுத்து மடிப்பு எதுவும் அந்தப் புள்ளிகளுக்குள் அடங்காது.

அப்படியானால் அவ்வளவு தூரத்திலிருந்து ‘இவர் இன்னார்’ என்று எப்படி அடையாளம் காண்கிறோம்? 1973-இல் லியான் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதைத்துக் காட்டினார். கிட்டே வைத்துப் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் லிங்கன் எழுந்து வந்தார். ஆள் யார் என்று சொல்ல மூளைக்கு மிகக் குறைந்த விவரமே போதும். வயது என்ன என்று துல்லியமாகச் சொல்லத்தான் தோலின் நுணுக்கங்கள் வேண்டும். மேடை முதலாவதைத் தருகிறது, இரண்டாவதை மறைத்துவிடுகிறது. நாடக உலகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது இந்த இடைவெளியில்தான்.

பிரான்ஸின் சாரா பெர்னார்ட் 1899-இல் தம் 54-ஆவது வயதில் ஹாம்லெட்டாக, டென்மார்க்கின் இளவரசனாக, மேடையேறினார். பத்தாண்டு கழித்து, 65 வயதில், 19 வயது ஜோன் ஆஃப் ஆர்க் ஆனார். விசாரணைக் காட்சியில் நீதிபதி வயதைக் கேட்பார். பெர்னார்ட் பார்வையாளர் பக்கம் திரும்பிப் ‘பத்தொன்பது’ என்பார், அரங்கம் கைதட்டும் என்று நாடக உலகில் இன்றும் சொல்கிறார்கள்.

நம் நாடக மேடையும் இந்த வித்தையை நன்றாக அறிந்திருந்தது. பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையன்கள் ராஜபார்ட்டும் போட்டார்கள், ஸ்திரீபார்ட்டும் போட்டார்கள். டி.கே.சண்முகம் கிழவி வேடத்தில் அவ்வையாராக நடித்த நடிப்பு, ‘அவ்வை’ சண்முகம் என்று அவர் பெயருக்கு முன்னாலேயே போய் ஒட்டிக்கொண்டது. 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். 1941-இல் ‘சாவித்திரி’யில் நாரதராக வந்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. இன்றைய கண்ணுக்கு இவை விசித்திரமான தேர்வுகள். அன்று கொட்டகைக்குப் போனவர்கள் முதன்மையாகக் கேட்கப் போனார்கள். நந்தனாரின் ஏக்கத்தைச் சுமக்க வேண்டியது குரல். அந்தக் குரல் சுந்தராம்பாளிடம் இருந்தது. மீசை இருந்ததா என்பது இரண்டாம் பட்சம். பார்வையாளர் எதை வாங்க டிக்கெட் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பொருத்தம் அமைகிறது. ஆகவே அந்தத் தேர்வுகளைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை தம் காலத்துக்கு மிகச் சரியானவை.

பிறகு கேமரா கிட்டே வந்தது. இன்றைய நடுத்தரத் திரையரங்கத் திரை ஒன்று 12 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளோசப்பில் 22 சென்டிமீட்டர் முகம் அந்த உயரம் முழுவதையும் அடைத்தால், அது கிட்டத்தட்ட 23 மடங்கு பெரிதாகிறது. ஒரு மில்லிமீட்டர் சுருக்கம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண் 4.4 மில்லிமீட்டர் வரை பிரித்தறியும். அதைப்போல் ஐந்து மடங்கு பெரிதாக அந்தச் சுருக்கம் அவர் முன்னால் நிற்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு வியப்பு: அவருக்கு அந்த முகம், நேரில் 66 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் தெரியும் அளவுக்குத் தெரிகிறது. சின்ன மேசையில் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவரின் முகம் அவ்வளவு தூரத்தில்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் 43 வயதை 17 என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது.

1930-களின் ஒளிப்பதிவாளர்கள் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைக் கட்டிப் படத்தைக் குழைத்தார்கள். சுருக்கம் மங்கியது. ஆனால் வயதுக்குச் சுருக்கம் மட்டுமே சாட்சி இல்லை. குழந்தையின் தலையில் மண்டை பெரிது, தாடை சிறிது. அதனால் கண்கள் முகத்தின் நடுவுக்குக் கீழே இருக்கும். வளர வளரக் கீழ்முகம் நீள்கிறது, தாடை முன்னே வருகிறது, கண்கள் மேலே ஏறுவதுபோலத் தோன்றுகிறது. 1975-இல் பிட்டெஞ்சர், ஷா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரே பக்கவாட்டுக் கோட்டுருவத்தை ஒரே ஒரு கணிதச் சூத்திரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் காட்டினார்கள். சுருக்கமும் இல்லை, நரையும் இல்லை. வளைவு மாற மாற, பார்த்தவர்களுக்கு வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. எலும்பு சொல்லும் இந்த வயதை வலைத்துணியால் மறைக்க முடியாது.

இன்னொரு சாட்சி இன்னும் நுட்பமானது. வயது ஏற ஏற உதட்டின் சிவப்பு மங்குகிறது, புருவம் வெளுக்கிறது, அவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. இந்த வேறுபாடு குறைந்த முகங்களை நாம் மூத்தவையாக மதிப்பிடுகிறோம் என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. யாரும் நமக்குச் சொல்லித்தராத அளவுகோல் இது. உதட்டுச் சாயமும் புருவ மையும் செய்யும் வேலையின் இரகசியம் இதில் இருக்கிறது.

இத்தனை அளவீடுகளையும் மூளை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது? 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டொடொரோவும் அறிமுகமில்லாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, ‘இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா, முரடரா’ என்று கேட்டார்கள். வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தவர்கள் சொன்னதும் இவர்கள் சொன்னதும் பெரிதும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் முக்கியமாகக் கூட்டியது தன் முடிவின் மீதான நம்பிக்கையைத்தான். திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. பத்தில் ஒரு நொடி என்பது இரண்டரைச் சட்டத்துக்கும் குறைவு. நடிகர் வாயைத் திறக்கும் முன்பே நம் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு சரியானது என்று நினைத்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்வதில் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தவறுகிறோம். நடிகர் தேர்வு என்ற தொழில் நிற்பதே இந்தப் பொதுவான தவறின் மேல்தான். எம்.என்.நம்பியாரின் கண்களைப் பார்த்துத் தமிழ்நாடே பயந்தது. வாழ்க்கையில் அவர் ஆண்டுதோறும் பக்தர்களைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி.

முகம்தான் எல்லாம் என்றால், அச்சு அசலாக முகம் பொருந்தியவரைத் தேடிப்பிடித்தால் போதுமே? அப்படியும் செய்து பார்த்திருக்கிறார்கள். ரஷ்யப் புரட்சியின் பத்தாவது ஆண்டுக்காக செர்கெய் ஐசன்ஸ்டைன் ‘அக்டோபர்’ படத்தை எடுத்தார். பழகிய நடிகர்களைவிட, பார்த்தவுடன் இன்ன வகை ஆள் என்று சொல்லிவிடும் முகங்களையே அவர் தேடினார். லெனினாக வாசிலி நிகான்ட்ரோவ் என்ற தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். நடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. லெனினோடு இருந்த முக ஒற்றுமை மட்டும் பார்த்தவர்களை அதிரவைத்தது. படத்தைப் பார்த்த கவிஞர் மாயகோவ்ஸ்கி கொதித்தார். தோற்றம் மட்டும் இருக்கிறது, உள்ளே லெனினின் சிந்தனை இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. முகம் நூற்றுக்கு நூறு பொருந்தியும் வேஷம் ஒட்டவில்லை.

என்ன குறைந்தது? விடையின் ஒரு பகுதி ஸ்வீடனின் உப்சாலா நகரிலிருந்து வந்தது. அங்கே குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். கறுப்பு உடை அணிந்த ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் ஒரு டஜன் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தினார். இருட்டில் படம் பிடித்தார். அவர் அசையாமல் நின்றால் சிதறிய புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நடக்கத் தொடங்கியதும் பார்த்தவர்கள் எல்லோரும் ‘மனிதர் நடக்கிறார்’ என்றார்கள். ஐந்தில் ஒரு நொடி போதுமாக இருந்தது. முகம், தோல், உடை எதுவும் இல்லை, அசைவு மட்டும்தான். உயிருள்ள உடலின் இந்தத் தனித்த அசைவுக்கு ‘உயிரிய இயக்கம்’ என்று பெயர். 1977-இல் அமெரிக்காவில் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் மேலும் ஒரு படி போனார்கள். இப்படிப் புள்ளிகளாக மட்டும் தெரிந்த நண்பர்களை, வெறும் ஊகத்தைவிடக் கூடுதலாகவே மாணவர்கள் அடையாளம் கண்டார்கள். நடப்பவர் ஆணா பெண்ணா என்பதையும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். தோள் அகலத்துக்கும் இடுப்பு அகலத்துக்கும் உள்ள விகிதம் நடையில் பதிந்துகிடக்கிறது.

ஜப்பானின் கபுகி நாடகத்தில் பெண் வேடம் போடும் ஆண்களுக்கு ஒன்னகத்தா என்று பெயர். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கித் தோளைக் குறுக்குவார்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு காகிதத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடந்து பழகுவார்கள். யோஹான்சன் விளக்குகளை வைத்துக் கண்டுபிடித்ததை அந்தக் கலைஞர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே காகிதத்தால் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

எதிர்த்திசையில் உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1956-இல் ஹோவர்டு ஹியூஸ் தயாரிப்பில் ‘தி கான்கரர்’ வந்தது. செங்கிஸ்கானாக நடித்தவர் ஜான் வெயின். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலம் மங்கோலியாவாக மாறியது. செம்பட்டைக் கூந்தல் சூசன் ஹேவர்டு தாத்தாரிய இளவரசி ஆனார். வெயினுக்குக் கண்ணோரத்தை இழுத்து ஒப்பனை செய்தார்கள், தொங்குமீசை வைத்தார்கள். நடையை யாரும் தொடவில்லை. தோளை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை அசைத்து, அவசரமில்லாமல் நடக்கும் அந்த நடை கௌபாய் படங்கள் வழியே உலகம் முழுவதும் அறிமுகமானது. அவர் நான்கு அடி வைத்தவுடன் மங்கோலியா மறைந்துவிடுகிறது. வாயைத் திறந்தால் மேற்கு அமெரிக்க இழுவைப் பேச்சு. மோசமான நடிகர் தேர்வு என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் படத்தை விட்டுவைப்பதே இல்லை.

குரலைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். குரலில் இரண்டு செய்திகள் கலந்து வருகின்றன. குரல்நாண்கள் எத்தனை வேகமாக அதிர்கின்றன என்பது ஒன்று. ஆண்களுக்குச் சராசரியாக நொடிக்கு 120 தடவை, பெண்களுக்கு 200-க்குச் சற்று மேல். இதை நடிகர் ஏற்றலாம், இறக்கலாம். மற்றது, தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளம். ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 14 அல்லது 15. இந்தக் குழாய் சில அதிர்வுகளைத் தூக்கிவிட்டுச் சிலவற்றை அமுக்கும். தூக்கிவிடப்படும் அதிர்வுகளை ‘ஒத்ததிர்வுப் பட்டைகள்’ எனலாம். பேசுகிறவரின் உடல் எவ்வளவு பெரியது என்பதை நம் காது இவற்றிலிருந்துதான் ஊகிக்கிறது. உதட்டைக் குவித்தோ குரல்வளையைத் தாழ்த்தியோ குழாயைக் கொஞ்சம் நீட்டலாம். அதிகம் முடியாது.

அப்படியிருக்க, ஒருவர் உடலில் இன்னொருவர் குரலை வைத்தால் எப்படி ஏற்கிறோம்? தமிழ் சினிமா இதைச் சர்வ சாதாரணமாகச் செய்துகொண்டிருக்கிறது. 1980-களில் மோகனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். ‘அமராவதி’யில் அஜித்துக்கும், ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் பிற்பாடு நட்சத்திரமான விக்ரம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை உணரவே இல்லை.

காரணம், காது தனியாக வேலை செய்வதில்லை. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று சொல்லும் உதட்டோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மிகப் பலருக்குக் கேட்டது ‘டா’. கண்ணை மூடினால் மறுபடி ‘பா’. கண்ணும் காதும் ஒத்துப்போகாதபோது மூளை இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைச் செய்து, அதையே நமக்குக் கேட்கக் கொடுக்கிறது. உதடும் ஒலியும் ஒரே நேரத்தில் அசைந்தால், குரல் அந்த உதட்டிலிருந்துதான் வருகிறது என்று மூளை முடிவுகட்டுகிறது. ஒலிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி உதட்டைவிட 45 மில்லிநொடி முந்தினாலே நமக்கு உறுத்தும், ஆனால் 125 மில்லிநொடி பிந்தினால்தான் உறுத்தும். ஏன் இந்தப் பாரபட்சம்? இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. 34 மீட்டர் தள்ளித் துணி துவைப்பவர் கல்லில் அடிக்கும் ஓசை பத்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். பிந்திவரும் ஒலிக்கு நாம் பழகியவர்கள். முந்திவரும் ஒலி இயற்கையில் இல்லை.

உதடு ஒத்துப்போனாலும் மூளை இன்னொன்றைக் கேட்கிறது: இந்தக் குரல் இந்தச் சொல்லைச் சொல்லுமா? 2008-இல் நெதர்லாந்தில் யோஸ் வான் பெர்கும் குழுவினர் இதை நேரடியாகவே அளந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தூங்கப்போகும் முன் தினமும் கொஞ்சம் வைன் குடிப்பதாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பெரியவர் குரலிலும் சின்னக் குழந்தையின் குரலிலும் கேட்கச் செய்தார்கள். குழந்தையின் குரலில் ‘வைன்’ என்ற சொல் தொடங்கி 200 முதல் 300 மில்லிநொடிக்குள் அலையில் ஒரு மாற்றம் தோன்றியது. வாக்கியத்தில் பொருந்தாத சொல் வரும்போது மூளை எந்த வகை அலையை எழுப்புமோ, அதே வகை. இலக்கணம் சரி, பொருளும் சரி. பேசுகிற ஆள்தான் சரியில்லை. ‘வேஷம் ஒட்டவில்லை’ என்ற நம் புகாருக்கு இதைவிடத் துல்லியமான பதிவு இருக்க முடியாது. சொல் முழுதாகச் சொல்லி முடிக்கப்படும் முன்பே அந்தப் புகார் எழுந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் நடிகரின் உடலைச் சேர்ந்தவை. அடுத்தது நம் தலைக்குள் இருப்பது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும் சிலருக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய மூளைக்குள் நுண்ணிய மின்கம்பிகளை வைப்பார்கள். அமெரிக்காவில் அத்தகைய நோயாளிகளின் சம்மதத்தோடு, ரொட்ரிகோ கியான் கிரோகாவும் சக ஆய்வாளர்களும் தனித்தனி நரம்பணுக்களைக் கவனித்தார்கள். நரம்பணு என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒற்றை உயிரணு. 2005-இல் வெளியான முடிவில் ஒரு நரம்பணு, நடிகை ஹாலி பெர்ரியின் படங்களுக்கெல்லாம் துடித்தது. அவரைக் கோட்டோவியமாகக் காட்டினாலும் துடித்தது. அவர் பெயரை எழுத்தில் காட்டினாலும் துடித்தது. முகமூடி அணிந்து பூனைப்பெண் வேடத்தில் அவர் நின்ற படத்துக்கும் துடித்தது.

அந்தக் கடைசிச் செய்தியில் சற்று நில்லுங்கள். முகத்தில் பாதி மறைந்திருக்கிறது, வேடம் வேறு. ஆனாலும் ‘இது ஹாலி பெர்ரி’ என்று அந்த உயிரணு விடாமல் சொல்கிறது. அதாவது எத்தனை ஒப்பனை போட்டாலும், நமக்குத் தெரிந்த நடிகர் நம் தலைக்குள் தம் பழைய பெயரோடும் பழைய படங்களோடும்தான் நுழைகிறார். நாடக ஆய்வாளர் மார்வின் கார்ல்சன், மேடையில் ஒவ்வொரு நடிகருக்கும் பின்னால் அவருடைய பழைய வேடங்களின் ஆவிகள் நிற்பதாக எழுதினார். அந்த ஆவி குடியிருக்கும் இடத்தை ஆய்வாளர்கள் தொட்டுவிட்டார்கள் என்றே சொல்லலாம். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை 2002-இல் வாங்கிய ஹாலி பெர்ரி, அதே பூனைப்பெண்ணாக நடித்த ‘கேட்வுமன்’ படத்துக்காக 2005-இல் மோசமான நடிகை என்ற ராஸி விருதை நேரில் போய் வாங்கினார். கையில் தம் ஆஸ்கர் சிலையையும் எடுத்துச் சென்றிருந்தார். மூன்றே ஆண்டில் ஒரு நடிகையின் திறமை காணாமல் போயிருக்காது.

பார்ப்பவர் மூளை இவ்வளவு கறாரானது என்றால், 1937-இல் ‘தி குட் எர்த்’ எப்படி ஏற்கப்பட்டது? சீன விவசாயக் குடும்பத்தின் கதை. மனைவியாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர். அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. சீன வம்சாவளியில் பிறந்து ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அன்னா மே வாங் அதே ஊரில், லாஸ் ஏஞ்சலஸில், இருந்தார். ஆனால் கணவனாக வெள்ளையரான பால் மியூனி ஒப்பந்தமாகிவிட்டார். வெவ்வேறு இனத்தவரைக் காதலர்களாகக் காட்டக் கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி சொன்னது. மனைவி வேடம் அவருக்கு எட்டாமல் போனது. கணவனை மயக்கும் இன்னொரு பெண்ணின் வேடத்தைத் தர முன்வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார்.

அன்றைய பெரும்பான்மைப் பார்வையாளருக்கு இது உறுத்தாததற்கு அறிவியல் ஒரு காரணம் சொல்கிறது. தாம் வளர்ந்த சூழலில் அதிகம் பார்க்காத இனத்தாரின் முகங்களை வேறுபடுத்தி அறிவதில் மனிதர்கள் பின்தங்கியிருக்கிறார்கள். 2007-இல் வந்த ஓர் ஆய்வின்படி, மூன்று மாதக் குழந்தைகள் எல்லா இன முகங்களையும் பிரித்தறிகிறார்கள். ஒன்பது மாதத்தில் தம்மைச் சுற்றியுள்ள இனத்தாரின் முகங்களை மட்டுமே. ஆக, உறுத்தலை அளக்கும் கருவி பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தில் உருவாகிறது. அந்தப் படத்தைப் பார்த்த சீனர் ஒருவருக்கு முதல் சட்டத்திலேயே அடித்திருக்கும் அலாரம், மற்றவர்களுக்கு அடிக்கவில்லை. உறுத்தவில்லை என்பதால் அது நியாயமாகிவிடாது. அன்னா மே வாங்கிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு வேடம் மட்டுமில்லை, ஒரு வாழ்நாள் வாய்ப்பு. 2022-இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது.

நிறப் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் படங்களிலும் வெளிர் நிற நடிகைக்குக் கறுப்பு பூசிக் கிராமத்துப் பெண்ணாக நிறுத்தும் வழக்கம் உண்டு. தோல் ஒளியை முழுதாகத் திருப்பி அனுப்பும் பரப்பு இல்லை. ஒளி தோலுக்குள் கொஞ்சம் நுழைந்து, நிறமிகளிலும் இரத்தத்திலும் பட்டுச் சிதறி வெளியே வருகிறது. முகத்தின் உயிர்ப்பு அந்தச் சிதறலில் இருக்கிறது. மேலே கனமாகப் பூசிய சாயம் ஒளியை உள்ளே விடாமல் மேலேயே திருப்பிவிடுகிறது. கறுத்த தோலின் மினுமினுப்பும் ஆழமும் பூச்சில் வராது. இயற்கையாகவே அந்த நிறத்தில் ஆயிரமாயிரம் நடிகைகள் இருக்கும் நாட்டில் இதற்கு எந்தக் கலைக் காரணமும் இல்லை.

பிழை தெரிந்தபின் திருத்த முடியுமா? அபூர்வமாக முடியும். 1984 நவம்பரில் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படப்பிடிப்பு எரிக் ஸ்டோல்ட்ஸை நாயகனாக வைத்துத் தொடங்கியது. பல வாரம் எடுத்த பிறகு இயக்குநர் ராபர்ட் ஸெமெக்கிஸ் போட்டுப் பார்த்தார். ஸ்டோல்ட்ஸ் நல்ல நடிகர், ஆழமாக நடித்திருந்தார். அந்த ஆழமே இடைஞ்சலாக இருந்தது, படத்துக்கு வேண்டியிருந்தது இலகுவான நகைச்சுவை. ஜனவரியில் அவரை விடுவித்து மைக்கேல் ஜே. ஃபாக்ஸைக் கொண்டுவந்தார்கள். ஃபாக்ஸ் பகலில் ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் இரவில் இந்தப் படத்திலும் நடித்தார். இருவருமே 1961-இல் பிறந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. வயதில் வேறுபாடு இல்லை. வேறுபட்டது தாளம். மனிதர்கள் உரையாடும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி என்று 10 மொழிகளில் செய்த ஆய்வு 2009-இல் கண்டது. நகைச்சுவை பிறப்பதும் சாவதும் இப்படிப்பட்ட நுண்ணிய இடைவெளிகளில். நடிகர்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் இருவரைச் சேர்த்து உட்காரவைத்து வசனம் படிக்கச் சொல்கிறார்களே, அது இந்தத் தாளத்தைப் பிடிக்கத்தான்.

இந்த வேலைக்கென்றே இருப்பவர்கள் நடிகர் தேர்வு இயக்குநர்கள். முகம், எலும்பு, நடை, குரல், தாளம், பார்வையாளரின் பழைய நினைவு என்று நாம் பார்த்த அத்தனையையும் அவர்கள் கருவி இல்லாமல், படம் தொடங்கும் முன்பே எடைபோடுகிறார்கள். அவர்களில் முதன்முதலாக ஆஸ்கர் பெற்றவர் லின் ஸ்டால்மாஸ்டர், 2016-இல், கௌரவ விருதாக. 1929 முதல் கொடுக்கப்படும் ஆஸ்கரில் இந்தத் துறைக்கென்று தனிப் பிரிவு, 2025-இல் வெளியான படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. மிகவும் தாமதம்.

அடுத்த முறை ஒரு படத்தில் யாராவது ஒட்டவில்லை என்று தோன்றினால் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நடையையும் கையசைவையும் மட்டும் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். கடைசியாக, அந்த நடிகரின் வேறு எந்தப் படத்தையும் பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு அதே காட்சியைக் காட்டுங்கள். பிழை உடலிலா, குரலிலா, உங்கள் நினைவிலா என்று தெரிந்துவிடும். மூன்றிலும் அவர் தேறிவிட்டால் நடிகரை விட்டுவிட்டு, அந்தப் பாத்திரத்தை எழுதியவரிடம் கேள்வி கேளுங்கள்.